திருப்பி வைத்த கேஸ்கட்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு கௌரவமான காரணம் ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். மலேசியாவின் மூவார் ஊரில், பந்தயக் கார் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறைகள் இரண்டு, எதிரெதிரே இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று சியா பூன் கெங்குடையது.

கிழித்த தொடக்கங்களில் ஒன்று: "பூன் கெங் கவனமில்லாத மெக்கானிக்…"

பொய். அவன் என்னைவிடச் சுத்தமாக வேலை செய்வான். அதுதான் பிரச்சினையே.

2

ரஸிதா பல் டாக்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு, பாசிர் கூடாங் கார் பந்தயத் தடத்தில் தன் சிவப்புக் காரை விரட்டுவார். ஆறு வருடம் அந்தக் கார் என்னிடம்தான் வந்தது. ஒருநாள் சாலையின் மறுபக்கம் திரும்பியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பூன் கெங் ஒரு தடவை பார்க்கட்டுமேன்னு…"

"இதுல கோவிக்க என்ன இருக்கு டாக்டர்? தாராளமா."

(இங்கே 'சிரித்தேன்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பல்லைக் காட்டினேன் என்பதே சரி. அதுவும் பல் டாக்டரிடம்.)

அந்தக் கார் அங்கே நின்ற நாட்களில் என் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவன் ஒவ்வொரு வால்வாகத் துடைத்துத் துணியில் வரிசையாக அடுக்குவான். விசிலடிப்பான். அந்த விசிலைக் கேட்டாலே எனக்கு எரிந்தது.

3

இனி வருவதை எழுதத்தான் தயக்கம்.

அவனிடம் இரவல் வாங்கிய கிளாம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரஸிதா காரின் ஹெட் சங்கிலியில் தொங்கியது. இறக்க வேண்டியதுதான் பாக்கி. கீழே எஞ்சின் பிளாக்கின்மேல் புது கேஸ்கட், அதாவது இரண்டுக்கும் நடுவே அமுங்கும் தகடு. பூன் கெங் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் குனிந்து பார்த்தேன்.

கேஸ்கட்டை முன்பின்னாக மாற்றி வைத்திருந்தான். தண்ணீர் ஓட்டைகளில் பாதி அடைபட்டிருந்தன. மேலே வால்வுகளுக்கு எண்ணெய் ஏறும் துளை பிறையளவுதான் தெரிந்தது. அப்படியே மூடினால் எஞ்சின் கொதிக்கும். எண்ணெய் கிடைக்காமல் வால்வுகள் தட்டத் தொடங்கும்.

அவன் வந்தான். "என்னலா பார்க்கிற, குணா?"

"ஒண்ணுமில்ல. நல்லா பாலிஷ் போட்டிருக்க."

"நெஜமாவா? நீ சொன்னா சரிதான்."

சங்கிலியை இறக்கினான். நான்

(இந்த வாக்கியத்தை ஐந்து விதமாக முடித்துப் பார்த்தேன். 'நான் எதையும் கவனிக்கவில்லை' என்று முடித்ததுதான் படிக்க அழகாக இருந்தது.)

4

ஞாயிறன்று மூன்றாவது சுற்றில் கார் வெள்ளையாக ஆவி கக்கி நின்றது. ரஸிதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. [ஆகியிருந்தால்? அந்தப் பத்தியை எழுத எனக்குத் தைரியமில்லை.]

பூன் கெங் ரேடியேட்டரை மாற்றினான். தண்ணீர் பம்பை மாற்றினான். ஹெட்டை மறுபடி கழற்றாமலே, வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்களையும் மாற்றினான். மூன்று வாரம் எதிர்ப்பக்கத்திலிருந்து டக்டக்கென்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது. விசில் நின்றுபோயிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: கேட்க இதமாக இருந்தது.

5

கடைசியில் ரஸிதா காரை என்னிடமே கொண்டுவந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் காது கொடுத்து நின்றேன். சுத்த நடிப்பு.

"கேஸ்கட் மாறி உக்காந்திருக்கு டாக்டர்."

"தொறக்காமலேயே கண்டுபிடிச்சிட்டீங்களா!"

"சத்தமே சொல்லுதுல்ல?"

திறந்தோம். அப்படியே இருந்தது. சூட்டில் வளைந்த ஹெட்டை இழைத்து மட்டமாக்கினேன். வால்வுகளைத் தேய்த்து அதனதன் இடத்தில் உட்காரவைத்தேன். புது கேஸ்கட்டைச் சரியாகப் போட்டேன். தட்டல் நின்றது, சூடும் இறங்கியது. வேலையில் மட்டும் நான் ஏமாற்றவில்லை. மூவார் முழுக்க என் காதின் புகழ் பரவியது.

6

இரண்டு நாள் கழித்து பூன் கெங் இரண்டு பை கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"எப்படிலா கேட்டுச்சு உனக்கு? எனக்கும் சொல்லிக் குடு."

"அனுபவம்தான்."

"அன்னைக்கு நீ பக்கத்துலதான நின்ன. ஒரு தடவை பாருடான்னு நான்தான் கேக்கல. என் திமிரு."

முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் குத்தல் இருந்தால் தேவலை என்றிருந்தது. இல்லை.

அடுத்த மாதம் ஹெட் வேலையையே விட்டுவிட்டான். இப்போது டயர் மட்டும்தான். ஹெட் வேலை என்று யார் வந்தாலும் சாலையைக் கடந்து என்னிடம் கூட்டிவந்து விடுகிறான். ரஸிதாவின் கார் என் பட்டறையில் நிற்கிறது. ரஸிதாவோ மதியச் சாப்பாட்டை அவன் பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இருவரும் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஆமாம், இன்னும் எரிகிறது.

7

முடிவு.

ஒரு வரைவில் நான் போய் உண்மையைச் சொல்கிறேன். அவன் ஸ்பானரை வீசுகிறான். இன்னொன்றில் அவனுக்கு எல்லாம் முன்பே தெரியும். இரண்டும் நடக்கவில்லை. நான் எழுந்து போகவில்லை, தாளைத்தான் எடுத்தேன். அதையும் தமிழில் எழுதினேன். தமிழ் பேசினாலும், மலாயும் சீனமும் மட்டுமே படிக்கத் தெரிந்தவனைப் பற்றித் தமிழில்.

ஆனால் உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது. மூவார் பக்கம் வந்து டயர் பஞ்சரானால் அவன்தான் வந்து பார்ப்பான். குனிந்து வேலை செய்தபடியே, "எங்கருந்து வரீங்க? இங்க யாரைத் தெரியும்?" என்று கேட்பான். பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவன். அப்போது நீங்கள் வாயைத் திறந்து, அன்று நான் குனிந்து பார்த்ததை