பெயிண்டுக்குள் போன டேப்

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெக்கானிக் அந்தச் சின்ன மர விமானத்தின் இறக்கையை அடிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல மரம் டங்கென்று பதில் சொல்லும். உடம்போடு இறக்கை சேருமிடத்துக்கு ஒரு முழம் முன்னால் டொப்பென்றது.

"என்ன மச்சான், கதவத் தட்டுறீங்க, உள்ள ஆளில்லையா?" பின்னால் நின்று சிரித்தார் தங்கை புருஷன். வானத்தில் விமானத்தைப் பல்டி அடித்துக் காட்டுகிற பைலட். அடுத்த அரைமணியில் இதில்தான் ஏற வேண்டும்.

"வாய மூடுங்க மாப்ள."

அந்த இடத்தில் உள்ளே பார்க்க வைத்திருந்த மூடியைக் கழற்றி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடித்து உள்ளே பார்த்தான். இறக்கையின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற மர உத்திரம் கறுத்திருந்தது. கத்தி முனையை வைத்தான். அழுத்தவே இல்லை, பிடிவரைக்கும் இறங்கியது. ஒட்டிய பலகைகள் வாய் பிளந்து நின்றன.

மழையில் வெளியே நின்ற விமானம்தான். ஆனாலும் தண்ணீர் வடிய அடியில் பட்டாணி அளவு துளைகள் உண்டே? தடவினான். வழவழவென்று பெயிண்ட். நகத்தால் சுரண்டினான். பெயிண்டோடு நீல டேப் உரிந்து வந்தது. கூடவே ஒரு மடக்குப் பழுப்புத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

துளைக்குள் பெயிண்ட் போகாமலிருக்கப் போன வருடம் அவன் ஒட்டிய டேப். பிரிக்க மறந்திருந்தான். "முகம் பாக்கலாம்டா இதுல" என்று ஊரைக் கூட்டிக் காட்டிய வேலை.

"நாந்தான் அடச்சேன், மாப்ள."

பைலட் கத்தியைத் தானே எடுத்துக் குத்திப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சிய ஏத்திக்கிட்டு இதுல தலகீழாப் போனேன். கைதட்டுனா. தெரியுமா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. அடிக்கட்டும் என்றிருந்தான். அவர் அடிக்கவில்லை.

"இதுக்கு அடிச்ச வாரம் மொத்தம் எத்தனை வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?"

"ரெண்டு."

"இன்னொண்ணு?"

சொல்வதற்கு முன்பே போனை எடுத்துவிட்டான். மஞ்சள் விமானம். போன மாதம் கைமாறி, அறுபது மைல் தள்ளி வேறொரு ஓடுதளத்துக்குப் போயிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எவனோ எடுத்தான்.

"மஞ்சள் வண்டி எங்க?"

"மேல இருக்குங்க. காலையிலேர்ந்து பல்டிதான். மனுசன் பின்றாரு!"

"ரேடியோல சொல்லுய்யா! பல்டி வேணாம், அப்படியே நேரா கொண்டுவந்து எறக்கச் சொல்லு. எறக்கை அழுகிக் கெடக்கு. ஓடு!"

போனை மேசையில் போடும் சத்தம். ஓடுகிற செருப்பு. அப்புறம் தூரத்தில் என்ஜின் மட்டும், கீழே பாய்ந்து வரும்போது எழுமே, அந்த ஊளை. ஓட்டுகிறவர் இனி அதை மேலே இழுக்கப் போகிறார். இழுக்கும்போதுதான் இறக்கைக்கு முழுப் பாரமும்.

"இழுக்காத," என்றான் மெக்கானிக், யாரும் இல்லாத போனில். "மெதுவா, சாமி, மெதுவா."

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

என்ஜின் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. பைலட் கையை நீட்டிப் போனை வாங்க வந்தார். அவன் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் கத்துவதைக் கடைசிவரை அவனே கேட்டான்.