மெட்டி விரல்

டாக்டர் "பனியன்" என்றதும் நல்லகாமன் தன் சட்டைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டார். "இதுக்கா டாக்டர் ஆபரேஷன்?" என்று அவர் கேட்டதில் நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கால் பெருவிரலின் அடி எலும்பு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, விரல் சாய்ந்து அடுத்த விரல்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிற கோளாறுக்கு இங்கிலீஷில் அதுதான் பேராம். மகள் தமிழ்ச்செல்வியும் அன்றைக்குச் சிரித்தாள்.

இருபத்தொன்பது வயதுவரை அந்த எலும்பு அவளை ஒன்றும் செய்ததில்லை. புதுச் செருப்பு கடிக்கும், அவ்வளவுதான். செக்கானூரணிப் பக்கம் பால்வாடியில் நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடிய கால் அது. தொண்ணூற்றெட்டு ஆவணியில் திருப்பரங்குன்றத்திலிருந்து பூ வைக்க வந்தார்களே, அன்றைக்குப் பிடித்தது சனி. மாப்பிள்ளையின் அம்மா முருகம்மாள் விதவை. பூ வைக்கிற வேலை அவளுக்கில்லை, அவளுடைய நாத்தனார்தான் வைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்தவள் கண்ணில் பெண்ணின் கால்தான் பட்டது.

"என்ன மதினி, புள்ளைக்கு விரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு? மெட்டிய எங்கிட்டுப் போடுறது?"

தமிழ்ச்செல்வியின் அம்மா செல்லத்தாய் மகளின் சேலைக் கரையை இழுத்துக் காலை மூடினாள். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. போனவர்கள் போகட்டும், இந்த மாப்பிள்ளை தவசியைத் தமிழ்ச்செல்விக்குப் பிடித்திருந்தது. கரண்டு ஆபீசில் லயன்மேன். மற்றவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிடுவாளா என்று கேட்டார்கள். இவன் மட்டும், "உங்க பால்வாடியில எம்புட்டுப் பிள்ளைக? அம்புட்டையும் எப்படித் தூங்க வைப்பீக?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

தை மாதம் கல்யாணம், அதற்குள் காலைச் சரிபண்ண வேண்டும் என்று செல்லத்தாய் ஒற்றைக் காலில் நின்றாள். மதுரை டாக்டரோ, "வலி இல்லைன்னா கத்தி எதுக்கும்மா?" என்றார். வலிக்கிறது என்று தமிழ்ச்செல்வி பொய் சொன்னாள். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எலும்பை வெட்டி நேராக்கிக் கம்பி வைப்போம். ஆறு வாரம் குதிகாலில்தான் நடக்கணும். காலைத் தொங்கப்போடக் கூடாது, நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கணும். வீக்கம் முழுசா வத்த ஆறு மாசம்கூட ஆகும். பெருவிரல் ஒரு நூல் குட்டையாகலாம், அது பெரிய விஷயமில்லை. இத்தனையிலும் மூவர் காதிலும் விழுந்தது 'ஆறு வாரம்' மட்டும்தான்.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. ஐயோ, அந்த முதல் பத்து நாள்! காலைக் கீழே இறக்கினால் போதும், விண்விண்ணென்று தெறிக்கும். மூன்று தலையணை அடுக்கி அதன்மேல் காலை வைத்து, அது ஏதோ சாமி மாதிரி வீடே அதைச் சுற்றி வந்தது. குளிக்கும்போது ஜவுளிக்கடைப் பையைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். கட்டுக்குள் அரிக்கும், சொரிய முடியாமல் அழுகை வரும். பார்க்க வந்தவர்களெல்லாம் "பனியன் ஆபரேஷன் பண்ண பொண்ணு" என்று பேரே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி கடைசியில் கம்பியை உருவினார்கள். கால் கொழுக்கட்டையாக உப்பிக் கிடந்தது, விரலோரம் உணர்ச்சியே இல்லை. ஆனாலும் விரல் நேராக இருந்தது! தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரியிலேயே அழுதுவிட்டாள். இனி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது என்று நினைத்தாள் பாவி மகள்.

கார்த்திகையில் வீக்கம் இறங்க இறங்க, வீக்கம் மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. தழும்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த செல்லத்தாயின் கை நின்றது. அதுவரை பெருவிரலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த இரண்டாவது விரல், மெட்டி போடுகிற விரல், இப்போது விடுதலையாகிப் பெருவிரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன அந்த ஒரு நூல்.

பெருவிரலைவிட அடுத்த விரல் நீண்டவள் புருஷனை முழுங்கிவிடுவாள் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். அவன் வாயில் மண் விழ. அவன் சொன்னதைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம் பக்கம் ஒருத்தி உண்டா?

"விரல மடக்கி வச்சுக்கத்தா," என்றாள் செல்லத்தாய், மகள் முகத்தைப் பார்க்காமல்.

தமிழ்ச்செல்வி மடக்கிப் பழகினாள். டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிட்டு, பெருவிரலைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். ராத்திரி முழுக்க வலித்ததுதான் மிச்சம்.

மார்கழி பிறப்பதற்கு முன் முருகம்மாள் நூல்கண்டோடு வந்தாள். "மெட்டியத்தான் நான் தொடக் கூடாது. தட்டாருக்கு அளவு எடுக்கலாம்ல?" என்று சிரித்தபடி கீழே உட்கார்ந்தாள். தமிழ்ச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கினாள். பாதம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தாங்க முடியாமல் விட்டாள். விரல் நீண்டது.

நூலைச் சுற்றிய கை அப்படியே நின்றது.

"வீக்கம் மதினி. வத்துனா சரியாயிரும்," என்றாள் செல்லத்தாய்.

முருகம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவள் தன் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைக் காட்டினாள். அங்கேயும் இரண்டாவது விரல் நீண்டிருந்தது.

"அவுக போறப்ப தவசிக்கு ரெண்டு வயசு. இந்த விரலக் காட்டித்தான் எம் மாமியா முப்பது வருசமா என்னையப் பேசுச்சு. எம்புள்ள தெனம் கரண்டு கம்பத்துல ஏறுறவன். எனக்குத் தைரியமில்ல தாயி. மன்னிச்சுரு."

நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் தமிழ்ச்செல்விக்குத் தாங்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் போனில் தவசி கூப்பிட்டான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க நம்புறீகளா?"

"நம்பல," என்றான். "ஆனா கம்பத்துல ஏறுறப்ப அம்மா சொன்னது ஞாபகம் வருது. கை நடுங்குது."

அவள் போனை வைத்துவிட்டாள். நடுங்குகிற கையோடு கம்பம் ஏறுகிறவனிடம் வேறென்ன பேசுவது?

தை பிறந்து, குறித்திருந்த முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாகக் காலைக் காட்டப் போனார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டருக்கு அப்படியொரு சந்தோஷம். "பிரமாதமா கூடிருச்சு! இனி எந்தச் செருப்பும் போடலாம். கல்யாணம்னீங்களே, எப்ப?"

நல்லகாமன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்," என்றாள் தமிழ்ச்செல்வி, "இதப் பழையபடி கோணலாக்கிவிட முடியுமா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். பிறகு அதையே மறுபடியும் கேட்டாள்.