நாலாம் மாடி க்ரில் கதவில் வரதராசா

வரதராசாவின் தலை பைறோஸாவின் க்ரில் கதவுக்குள் போனது பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு. அளவெடுப்பதற்காகத்தான் போனது.

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர். எதிர்வீட்டுப் பைறோஸா தன் வாசலில் ஒரு இரும்பு க்ரில் கதவு போட்டு, அதற்கும் மரக்கதவுக்கும் இடையில் செருப்பு அலுமாரி ஒன்றை வைத்திருந்தாள். அது பொது நடைபாதைக்குள் பதினொரு அங்குலம் வருகிறது என்பது வரதராசாவின் சந்தேகம். கம்பிகளுக்கு இடையால் அளவுநாடாவை விட்டார். இலக்கம் தெரியவில்லை. குனிந்து தலையையும் விட்டார்.

பதின்மூன்றே கால் அங்குலம் என்று தெரிந்தது. தலையை எடுக்கலாம் என்று பார்த்தபோது காதுகள் விடவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த பைறோஸா, தன் செருப்பு அலுமாரிக்கு மேலே ஒரு மனிதத் தலையைக் கண்டு, "அல்லாஹ்வே!" என்று கத்தினாள். பிறகு ஆளை அடையாளம் கண்டு, உதவி செய்யும் நோக்கத்தில் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கதவு திறந்தது. வரதராசாவும் சேர்ந்து திறந்தார். குனிந்தபடியே பக்கவாட்டில் ஏழெட்டு அடி நடந்து சுவரோடு போய் நின்றார்.

"என்ன இது?" என்றாள் அவருடைய மனைவி அன்னபாக்கியம், வாசலுக்கு வந்து.

"அளந்தனான்."

அவள் தேங்காயெண்ணெய் கொண்டு வந்து காதுகளில் பூசினாள். பிறகு சவர்க்காரம். பக்கத்து வீட்டுக்காரரும் சங்கத்தின் செயலாளருமான பேர்னாட், கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிப்போயிருந்த கை கழுவும் சானிடைசர் கானை எடுத்து வந்து கழுத்தில் தாராளமாக ஊற்றினார். வரதராசாவுக்கு எரிந்தது. தலை அசையவில்லை. குறுக்குக் கம்பி இருந்ததால் நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம் என்றாள் பைறோஸா.

"வேண்டாம்! வீடியோ எடுத்துப் போடுவாங்கள். கனடாவில இருக்கிற மகள் பார்ப்பாள்."

"என்னட்ட இரும்பு வெட்டுற கிரைண்டர் இருக்கு. ரெண்டு நிமிசம்," என்ற பேர்னாட், சொல்லி முடிப்பதற்குள் அதைக் கொண்டும் வந்துவிட்டார். சாரமும் பாட்டாச் செருப்பும் அணிந்திருந்தார். சுழலும் தட்டை மூடியிருக்க வேண்டிய இரும்புக் காப்பு அந்த மெசினில் இல்லை. அது இடைஞ்சல் என்று கழற்றி, சாம்பல் தட்டாகப் பாவித்து வந்தார். அவர் பட்டனை அழுத்திக் காட்டியபோது மெசின் அவர் கையிலிருந்து துள்ளி, சாரத்தின் ஓரத்தைக் கவ்வி, இரண்டு முழம் சுருட்டிக்கொண்டு நின்றது.

அன்னபாக்கியம் பிளக்கைப் பிடுங்கினாள். "பேர்னாட், அவர் எனக்கு இன்னும் தேவை. தெரிஞ்ச ஆள் ஆரையும் கூப்பிடுங்கோ."

கொட்டாஞ்சேனையில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்யும் சுபாஷினி என்ற பெண்ணைப் பேர்னாட்டுக்குத் தெரியும். நாலே காலுக்கு அவள் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். தடித்த சப்பாத்து, கையொட்டிய முழுக்கைச் சட்டை, தலைமயிர் துணிக்குள் இறுக்கிக் கட்டியிருந்தது. மாடியேறி வந்தவள் வரதராசாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் மூக்கைச் சுளித்தாள். "என்ன ஊத்தியிருக்கீங்க?"

பேர்னாட் கானைக் காட்டினார்.

"இது ஸ்பிரிட்டுங்க. ஒரு பொறி போதும், சேர் பத்திக்குவாரு. முதல்ல குளிப்பாட்டுங்க."

ஆகவே நடைபாதையில் வைத்து வரதராசாவைக் குளிப்பாட்டினார்கள். பைறோஸா வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள். அன்னபாக்கியம் தேய்த்துவிட்டாள். நனைந்த சட்டையைக் கழற்ற வழியில்லாததால் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். தரை காயும் வரை மெசினுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டேன் என்று சுபாஷினி சொல்லிவிட்டதால், எல்லோரும் குந்தியிருந்து பழந்துணியால் தரையைத் துடைத்தார்கள்.

"தலைக்கிட்ட கிரைண்டர் போட மாட்டேன்," என்றாள் அவள். "எங்க கடையில ஒருக்கா டிஸ்க் வெடிச்சுச்சு. ஒரு துண்டு செவுத்துல இருந்த கலண்டருக்குள்ள பூந்துடுச்சு. மார்ச் மாசமே இல்லாமப் போச்சு. தலைக்கிட்ட இருக்கிற கம்பிய கையால ஹெக்சோ வாளாலதான் அறுக்கணும்."

"அப்ப அறும் பிள்ளை," என்றார் வரதராசா.

"கதவு ஆடுது சேர். ஒவ்வொரு இழுப்புக்கும் உங்க கழுத்தும் ஆடும். முதல்ல கதவைச் செவுத்துல பிடிச்சிருக்கிற பிணைச்சல்ல இருந்து வெட்டி, உங்களையும் கதவையும் ஒண்ணாத் தரையில படுக்க வைக்கணும். பிணைச்சல் தலையில இருந்து மூணடி தள்ளி இருக்கு. அதுக்குக் கிரைண்டர் போடலாம்."

இரும்பு வெட்டுவதற்குத் தலைவரின் எழுத்துமூல அனுமதி தேவை என்று வரதராசா நினைவூட்டினார். அது அவரே எழுதிய சுற்றறிக்கை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பேர்னாட் ஒரு தாளை அவருடைய வயிற்றுக்குக் கீழே சுவரில் வைத்துப் பிடித்தார். வரதராசா பார்க்காமலே கையெழுத்திட்டார்.

சுபாஷினி கதவின் அடியில் பலகைத் துண்டுகளைச் செருகிப் பாரத்தை இறக்கினாள். "இல்லாட்டி பாதியில கதவு இறங்கி டிஸ்க்கைக் கவ்வும். மெசின் திருப்பி அடிக்கும்." வாசலில் இருந்த காஸ் சிலிண்டரையும் தும்புக் கால்மிதியையும் அப்புறப்படுத்தினாள். டிஸ்க்கில் அச்சிட்டிருந்த காலாவதித் திகதியைப் பார்த்தாள். வரதராசாவுக்குக் கண்ணாடி போட்டு, காதடைப்பு மாட்டி, ஈரப் போர்வையால் மூடினாள். மற்றவர்களைப் படிக்கட்டுக்கு அனுப்பினாள். பேர்னாட்டை இன்னும் ஒரு மாடி கீழே அனுப்பினாள்.

டிஸ்க்கின் நேருக்கு நிற்காமல் ஒரு பக்கமாக நின்று, அரை நிமிடம் சும்மா சுழலவிட்டுப் பார்த்த பிறகுதான் பிணைச்சலைத் தொட்டாள். பொறி வெறுஞ்சுவரின் பக்கம் பறந்தது. மேல் பிணைச்சல் போயிற்று. கீழ்ப் பிணைச்சலுக்குக் குனிந்தாள்.

"நிப்பாட்டு!" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மணி என்ன?"

"அஞ்சு அஞ்சு," என்றாள் அன்னபாக்கியம் படிக்கட்டிலிருந்து.

"அஞ்சு மணிக்குப் பிறகு சத்தமான வேலை செய்யேலாது. நாளைக்குப் பத்து மணிக்குத்தான்."

கீழ் மாடியிலிருந்து பேர்னாட், "சுற்றறிக்கையில அப்பிடித்தான் இருக்கு," என்றார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரா?" என்றாள் அன்னபாக்கியம். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இப்பிடியே நிக்கப் போறியளோ?"

"நானே மீறினா நாளைக்கு ஆர் கேட்பினம்?" என்றார். உண்மையில் அவருக்கு முதுகு பிளந்துகொண்டிருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் பதினேழு வீட்டாரிடம் அவர் கைகாட்டக்கூடியது அந்த ஒரு தாள்தான். வழியொன்றையும் அவரே சொன்னார்: அந்த மாடியிலுள்ள மூன்று வீட்டாரும் சம்மதித்தால் நேரத்தை நீட்டலாம். அவருக்குச் சம்மதம். பேர்னாட்டும் கீழிருந்து சம்மதம் என்றார்.

பைறோஸா யோசித்தாள்.

"என்ட அலுமாரி?"

"பதின்மூன்றே கால் அங்குலம் வெளியில நிக்குது," என்றார் வரதராசா.

"அப்ப நாளைக்குப் பத்து மணிக்குப் பாப்போம் அண்ணன். ஒங்களுக்கு டீ ஊத்தட்டா?"

"சீனி போடாம," என்றார். சற்றுக் கழித்து, "அலுமாரி இருக்கட்டும்," என்றார்.

கீழ்ப் பிணைச்சல் அறுந்தது. நான்கு பேருமாகக் கதவையும் அவரையும் ஒன்றாகப் பிடித்து, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிச் சொல்லி, பைறோஸாவின் சோபாக் குஷன்களின் மேல் கிடத்தினார்கள். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தபோது அவர் போட்ட சத்தம் ஐந்தாம் மாடிக்கும் கேட்டது.

சுபாஷினி கிரைண்டரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெக்சோ வாளை எடுத்தாள். கழுத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தகரத் துண்டைச் செருகினாள். தலை அசையாமல் யாராவது பிடிக்க வேண்டும் என்றாள்.

அன்னபாக்கியம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். வாள் போய்வந்தது. ஒரு கம்பிக்கு இரண்டு வெட்டு. முக்கால் மணி நேரம் எடுத்தது. பைறோஸா தேநீரைக் கரண்டியால் அவர் வாய்க்குள் விட்டாள். யாரும் அவசரப்படவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் அன்னபாக்கியம், அறுவையின் நடுவில், தாழ்ந்த குரலில்.

"என்ன?"

"காதுக்குப் பின்னால உங்களுக்கு ஒரு மச்சம் இருக்கு. நாப்பத்தொரு வருசமா நான் காணேல்லை."

வரதராசா கண்ணாடிக்குள் கண்களை மூடிக்கொண்டார்.

"எந்தக் காது?" என்று கேட்டார்.