ராம்குமார் பேரில் அடமானம் ஏதும் இல்லை

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே இல்லை. விருதுநகரில் வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவர், கடன் கொடுக்கும் சிறு வியாபாரிகளுக்காக ஒரு கையேடு போடுகிறார். 'அடமானப் பதிவில் கடனாளியின் பெயரைத் தவறில்லாமல் எழுதுவதும் தேடுவதும்' என்று அதற்கு நாலு பக்கம் கேட்டார். சன்மானம் உண்டு என்றும் சொன்னார், இன்னும் வந்தபாடில்லை.

முதல் பக்கம் மளமளவென்று வந்தது. கடனாளி வாயால் சொல்லும் பெயரை நம்பாதீர்கள். பள்ளிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயரில் பதியுங்கள். தேடும்போது சான்றிதழ்ப் பெயர், கடைப் பலகைப் பெயர், கூப்பிடும் பெயர் எல்லாவற்றிலும் தேடுங்கள். கடைசி அறிவுரைக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. "அமீனா என்பவர் சிவகாசியில் காகிதக் கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம்" என்று எழுதினேன். கொண்டதோடு சரி. அந்தப் பெண் உதாரணமாக இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டாள். கையேடு இரண்டாம் பக்கத்தோடு நிற்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "2006ஆம் ஆண்டு, ஆடி மாதம். சிவகாசித் தெருக்களில் அச்சு மையின் வாசனை" — வேண்டாம். ஊரை மோந்து பார்த்துத் தொடங்கும் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

தொடக்கம் இரண்டு: "அமீனா செய்தது ஒரே ஒரு தவறு. அவள்" — இதையும் விட்டுவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் விசாரிப்பது நியாயமில்லை.

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: அமீனாவின் கணவர் மீரான் மைதீன் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. காகிதக் கடையை அவள்தான் பார்க்கிறாள். அந்த ஆடியில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் ராம்குமார் வந்து ஒரு லாரி லோடு காகிதம் கடனாகக் கேட்டான். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சீசன் ஆர்டர் முழுக்க அவனுக்குக் கிடைத்திருந்தது. தீபாவளி கழிந்ததும் பணம். அதுவரை அவனுடைய ஆப்செட் மிஷின் அடமானம். ஒரு லோடு என்பது அமீனாவின் கடை மொத்தமும். அது திரும்பாவிட்டால் கடை இல்லை.

ராம்குமாரின் அம்மா பொன்னுத்தங்கம் அவளுக்கு அக்கா மாதிரி. மீரான் மைதீன் விழுந்த அன்று ஆட்டோவில் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள்தான்.

3

ஊரில் காகித, மை வியாபாரிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. யார் எந்த மிஷினை யாரிடம் அடமானம் வைத்திருக்கிறார் என்று அங்கே ஒரு பதிவேடு. கடன் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்வது வழக்கம்.*

(*அப்படி ஒரு சங்கத்தைத் தேடிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறாதீர்கள். நான் கட்டியது. மிஷின் நம்பரை வைத்துத் தேடக்கூடாதா என்று வக்கீல் நண்பர் கேட்டார். தேடலாம்தான். ஆனால் நான் அந்தப் பதிவேட்டை ஆள் பெயர் வரிசையில் கட்டிவிட்டேன்; இனி இடித்துக் கட்ட முடியாது.)

சங்கத்துச் செயலாளர் நாகையா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "ராம்குமார் பேர்ல அடமானம் ஒண்ணும் இல்லம்மா. வேற பேர் எதுவும் இருக்கான்னு வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்றார்.

இது சும்மா சொல்லும் பேச்சில்லை. ஒரே மிஷின் இரண்டு இடத்தில் அடமானமாகிவிட்டால் முதலில் பதிந்தவருக்குத்தான் மிஷின். இரண்டாவது ஆள் வீட்டில் கேட்டும் அவர்கள் பெயரை மறைத்திருந்தால், மிஷின் விலையில் பாதி அவருக்கு உண்டு. மறைத்த குடும்பத்துக்கு அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் ஒரு தாள்கூடக் கடன் தர மாட்டார்கள். கேட்காமல் கொடுத்திருந்தால் பாதியும் இல்லை.

4

அமீனா கேட்டாள். நாரணாபுரம் ரோட்டில் இருக்கும் அந்த வீட்டுக்கு நேராகப் போனாள். பொன்னுத்தங்கம் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, நம்ம ராம்குமாருக்கு வேற பேர் எதுவும் உண்டுமா? சங்கத்துல கேக்கச் சொன்னாக."

பொன்னுத்தங்கம் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள்.

"நாங்க கூப்பிடுறது ராம்குமாருதான், அமீனா. வெயில்ல வந்திருக்க. காப்பியா, டீயா?"

"டீயே குடுங்க."

அவ்வளவுதான் நடந்தது. டீ நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு விருப்பமில்லை. பொன்னுத்தங்கத்தின் மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை வைத்தார்கள்: சீனிவாசகம். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டவும் முடியாது, சாப்பிடக் கூப்பிடவும் முடியாது. அதனால் கூப்பிடுவதற்கென்று ராம்குமார். தெருவும் அப்படியே கூப்பிட்டது, கடைப் பலகையும் அப்படியே ஆனது. சீனிவாசகம் பள்ளிச் சான்றிதழில் மட்டும் தங்கிவிட்டான். மை வியாபாரி கனகசபாபதி போன வருடமே அதே மிஷினின் மேல் கடன் கொடுத்திருந்தார். சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பெயரில் பதிந்திருந்தார். என் கையேட்டை எழுதுவதற்கு முன்பே படித்த மனிதர்.

அமீனாவும் சான்றிதழைக் கேட்டிருக்கலாம். ஆட்டோவில் கூட வந்தவளிடம் எப்படிக் கேட்பது?

ஆனால் அவளை அரித்தது அது இல்லை. அவள் கல்யாணமான நாளிலிருந்து கணவர் பெயரைச் சொன்னதில்லை. 'தஹ்மீனா அத்தா' என்று மகள் பெயரை வைத்துத்தான் சொல்வாள். ரேஷன் கடையில் கேட்டால் தஹ்மீனாவை முன்னால் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, 'நாங்க கூப்பிடுறது' என்று ஒரு பெண் சுற்றி வளைத்தால் அங்கே வாயில் வராத பெயர் ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் போகுமா? ஊரில் வேறு யார் ஏமாந்தாலும் தான் ஏமாந்திருக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அவள் வெந்தாள். எனக்கும் அதுதான் தாங்கவில்லை.

5

ராம்குமாரை வில்லனாக்கிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பது போல ஒரு காட்சி. கேவலமாக இருந்தது, எடுத்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கடன் வாங்கியவர்கள் எல்லோரும் நம்புவதைத்தான் அவனும் நம்பினான்: தீபாவளிக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

சரியாகவில்லை. ஐப்பசி மழையில் கம்பெனியின் சரக்கு தேங்கிவிட்டது. ஆர்டரைப் பாதியில் நிறுத்தினார்கள். கனகசபாபதி லாரி கொண்டுவந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போனார். அமீனா ஓடிப்போய்ப் பார்த்தபோது மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. அவளுடைய காகிதமெல்லாம் ராக்கெட்டும் பூச்சட்டியுமாக அச்சாகிச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. வேறு எவருக்கும் விற்க முடியாத காகிதம்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சித்தி" என்றான் ராம்குமார், தரையைப் பார்த்தபடி.

"ஒங்கம்மாட்ட கேட்டேனேப்பா."

அவன் கீழே விழுந்து கிடந்த லேபிள் ஒன்றை எடுத்து அடுக்கின் மேல் வைத்தான்.

6

சங்கம் கூடியது. இங்கே முடிவு வர வேண்டும். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ. பொன்னுத்தங்கம் சபையில் எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, "என் மகன் பேர் சீனிவாசகம்" என்கிறாள். சபை ஸ்தம்பித்து— எழுதும்போதே எனக்குக் கைதட்டல் கேட்டது, அதனால் அழித்துவிட்டேன். அவள் மாமனார் பெயரைச் சொல்லிவிட்டால் அமீனாவின் காகிதம் மறுபடி வெள்ளையாகிவிடாது.

முடிவு ஆ. அமீனா கேட்டாளா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல், கனகசபாபதி தானாகவே மனமிரங்கிப் பாதியை விட்டுக்கொடுக்கிறார். கனகசபாபதியை எனக்கு நன்றாகத் தெரியும், உண்டாக்கியவனே நான்தான். கொடுக்க மாட்டார்.

முடிவு இ. இதை நான் யோசிக்கவில்லை, தானாக வந்தது. கூட்டம் தொடங்கும் முன், சங்கத்து வாசல் பெஞ்சில் அமீனா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பொன்னுத்தங்கம் வருகிறாள்.

"உள்ள கேப்பாக. கேட்டேன்னே சொல்லிரு, அமீனா. கேக்கத்தான செஞ்ச. பாதியாவது வரும்."

"சொன்னா ஒங்க வீட்ட ஊர்ல ஒதுக்கிருவாகளே அக்கா."

"நாங்க பட்டுக்கிடுதோம்."

 அமீனா, "ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. அன்னைக்கு மறைச்சீகளா, இல்ல அந்தப் பேர் வாய்ல வரலியா?" என்று கேட்டாள்.

"நானும் இம்புட்டு நாளா அதத்தான் யோசிக்கேன். பேர் வாய்ல வராதுங்கிறது நெசம். வராதது அன்னைக்கு எனக்கு வசதியா இருந்துச்சுங்கிறதும் நெசம். எது முன்னால வந்துச்சுன்னு எனக்கே வெளங்கல."

அந்தப் பதிலைக் கேட்டு அமீனாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும் என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

7

உள்ளே கூப்பிட்டார்கள். நாகையா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: "வேற பேர் உண்டான்னு அவுக வீட்ல கேட்டீகளாம்மா? கேட்டேன், கேக்கல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

கேட்டேன் என்றால் பாதிப் பணம் வரும். கடை எப்படியோ தாக்குப்பிடிக்கும். பொன்னுத்தங்கம் பொய்க்காரி என்று எழுதப்படுவாள். அவள் மகன் வேறு ஊர்தான் பார்க்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவர்கள் தப்பிப்பார்கள். அமீனா கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் படுத்திருக்கும் மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நீ யார் என்பது போல. என்னால் ஆகவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நாகையா எழுதிக்கொள்வார்.

அவசரமில்லை. சொல்வதற்கு முன் அந்த அறையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலிகள் நிறையக் காலியாக இருக்கின்றன. பொன்னுத்தங்கம் அமீனாவை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அமீனாவும் நகர்ந்து உட்காரவில்லை.