லெப்டினன்ட் என்று எழுதிய பெட்டி

முப்பத்தைந்து வயது முடிந்த அன்று காலையிலும் என் மனைவி வழக்கம்போல ஓடிவிட்டு வந்தாள். கூடவே சைக்கிளில் போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது. வாசற்படியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஷூ கயிற்றை அவிழ்த்தாள். ராணுவத்தின் கணக்கில் அன்றோடு அவள் கிழவி.

இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அவள் அரசு மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். தெருவே அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். நானும் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. ராணுவ மருத்துவப் பிரிவில் அதிகாரியாக வேண்டும் என்பது அவளுக்குப் படிக்கிற காலத்திலிருந்தே ஆசை. படிப்பு முடிந்த கையோடு என்னைக் கட்டிவைத்துவிட்டார்கள். கல்யாணமான பெண்களை அப்போது ராணுவத்தில் எடுக்கமாட்டார்கள். பல வருஷம் கழித்து அந்த விதியை எடுத்தபோது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால் போதும் என்றார்கள்.

"இன்னும் வயசு இருக்குங்க. போய்ப் பாக்கட்டுமா?"

"இதெல்லாம் கேக்கணுமா? போ. உனக்கு நாலு பேர் சல்யூட் அடிச்சா எனக்கும் பெருமைதானே."

எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை, நேர்முகம், எல்லாவற்றிலும் தேறினாள். ஓட்டத்தில் கல்லூரியை அப்போதுதான் முடித்த பெண்கள் இவளுக்குப் பின்னால் வந்தார்கள். பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஆளுக்கொரு கறுப்பு இரும்புப் பெட்டி கொண்டுவர வேண்டும், மூடியில் வெள்ளை எழுத்தில் பெயர் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

எழுத்துதான் என் பிழைப்பு. நான் பஸ் டிப்போவில் பெயிண்டர். எங்கள் ஊர் பஸ்களின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரெல்லாம் என் கை எழுதியது. பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு அடித்து, காயவைத்து, பிரஷைக் கையில் எடுத்தேன். பெயர் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? பெயருக்கு முன்னால் 'லெப்டினன்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

"ஐயோ, அது பயிற்சி முடிச்சாத்தாங்க கிடைக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"முடிக்கத்தானே போற" என்றேன்.

பயிற்சிக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு கடிதம் வந்தது. பயிற்சிப் பள்ளி விடுதியில் கூரை ஒழுகுகிறதாம். பழுது பார்க்கும்வரை பயிற்சி தள்ளிவைப்பாம். அந்த இடைவெளியில்தான் பிறந்தநாள் வந்து தொலைத்தது. பயிற்சி தொடங்கும் நாளை வைத்தே வயதைக் கணக்கிடுவோம், ஆகவே உங்கள் தேர்வு ரத்து என்று அப்புறம் எழுதினார்கள்.

இருவரும் தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"உங்க மார்க்கெல்லாம் பிரமாதம்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே."

"உங்க கூரைக்கு வயசானா என் பொண்டாட்டிக்கும் வயசாயிடுமா சார்?" என்று கத்தினேன். மேசைக்குக் கீழே அவள் என் கையைக் கிள்ளினாள். பிறகு அவளே பேசினாள்.

"சார், எனக்கு வயசு இருந்தப்ப கல்யாணமாயிடுச்சுன்னு விதி விடல. இப்ப விதி விட்டுச்சு, உங்க கூரை விடல. நான் எப்பதான் சார் வந்திருக்கணும்?"

அவர் மேசையிலிருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். அந்த 'மேலே' எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து பதிலே இல்லை.

அவள் அழவில்லை. ஓடுகிற ஷூவைக் கழுவிக் காயவைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

கூரை சரியாகி, பயிற்சியும் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்த அதிகாரியே அவளுக்குப் போன் செய்தார். அடிபட்டவனுக்கு ரத்தத்தை நிறுத்துவதைச் செய்துகாட்டிச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லையாம். சில மாதம் அங்கேயே தங்கித் தற்காலிகப் பயிற்றுநராக இருக்க முடியுமா என்று கேட்டார். சீருடை கிடையாது, பதவி கிடையாது.

"அதுக்கு வயசு வரம்பு இல்லையா சார்?"

"இல்லம்மா. அனுபவம்தான் முக்கியம்."

போனை வைத்ததும் நான் குதித்தேன். "கத்துக்கப் போனா கிழவி, கத்துக்குடுக்கப் போனா குமரியா? போகாத!"

"அங்க பயிற்சிக்கு வந்த பொண்ணுங்களா கூரைய ஒழுக விட்டாங்க? நாளைக்கு ஒருத்தன் ரத்தம் வழியக் கிடக்கும்போது அவங்க கை நடுங்கக் கூடாதுங்க. நான் போறேன்" என்றாள். "ஆனா அந்தப் பெட்டியத்தான் எடுத்துட்டுப் போவேன்."

பெட்டியை நான்தான் சுமந்துகொண்டு போனேன். பயிற்சிப் பள்ளி வாசலில் என் வயதுள்ள காவலர் ஒருவர் நின்றிருந்தார். பெட்டி மூடியைப் படித்ததும் விறைப்பாக நின்று அவளுக்கு சல்யூட் அடித்தார். பிறகு அனுமதிச் சீட்டைப் பார்த்தார். கை தானாகக் கீழே இறங்கியது.

"மேடம், இதுல பயிற்றுநர்னுதான் போட்டிருக்கு. பதவிய எழுதிக்கிட்டு உள்ள போகக் கூடாது. இத ஒட்டி மறைச்சிடுங்க" என்று பழுப்பு நிற டேப் ஒன்றை நீட்டினார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் அதை வாங்கிவிட்டேன். அவள் வாங்கவில்லை. அங்கேயே மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்த போர்வையைத் தரையில் விரித்து, உடுப்பு, ஷூ, ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றையும் அதில் எடுத்துப்போட்டு மூட்டையாகக் கட்டினாள்.

"பெட்டி வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"மறைச்சுட்டு எடுத்துட்டுப் போயேம்மா. மூட்டையோட போனா என்ன நினைப்பாங்க?"

"மறைக்கிறதுக்கா எழுதுனீங்க?"

மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் திரும்பினேன்.

பெட்டி இப்போது எங்கள் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறது. "சிஸ்டர் லெப்டினன்ட் ஆயிட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். "ஆக விடல" என்கிறேன். டிப்போவில் பெயிண்டை அழிக்கிற தின்னர் டின் டின்னாகக் கிடக்கிறது. ஒரு சொட்டுகூட நான் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்.