பூனையைக் கொடுத்தவன்

மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்கு நான் விண்ணப்பித்தது அது மூன்றாவது தடவை. வயது வரம்பு என்று ஒரு சனியன் இருக்கிறது. அடுத்த வருடம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அதுதான் கடைசி. கிடைத்தால் உளவியலாளர். கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை ‘கவுன்சலிங் மேடம்’தான். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உயிரை விடப் பார்த்துப் பிழைத்துக்கொண்டவர்கள் கண்ணைத் திறந்ததும் முதலில் பேசுகிற ஆள் நான். என் வாய்க்கு இந்த வேலை எப்படிப் பொருந்துகிறது என்று நர்ஸ்களுக்கு இன்னும் ஆச்சரியம். அங்கே எனக்கு வைத்திருக்கிற பெயர் ‘பட்டாசு’.

விண்ணப்பத்தோடு ‘ஏன் இந்தத் துறை’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். முதல் இரண்டு தடவையும் சமூக சேவை, மனிதநேயம், அது இது என்று அளந்துவிட்டிருந்தேன். இந்தத் தடவை வெறுத்துப்போய் உண்மையை எழுதினேன். என் தம்பி தற்கொலை செய்துகொண்டான். அதற்கு முந்தைய வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தான். அப்பாடா, பையன் தேறிவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். அந்தச் சிரிப்பைப் படிக்கத் தெரியாமல் போனதால்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று எழுதினேன்.

நான் இருப்பது அக்கா வீட்டில். சமையலறையில் நின்றபடியே அவள் அதைப் படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் சரியில்லை.

“இதை ஏன்டி ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கற?”

“நடந்ததைத்தானேக்கா எழுதியிருக்கேன்.”

“நடந்ததுதான். நாளைக்கு அதையே எடுத்து உன் மூஞ்சியில அடிப்பாங்க, பாத்துக்கோ.”

“அவங்க சைக்காலஜி படிச்சவங்கக்கா. அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, போ, அனுப்பு. நான் சொன்னா நீ எப்பக் கேட்டிருக்க?” என்றாள்.

நேர்காணலுக்கு ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். இடம் இரண்டு. மூன்றாவது மாடியில் ஒரு நீளமான நடைபாதை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், வேலை செய்யாத தண்ணீர் இயந்திரம். என் பக்கத்தில் கோடு போட்ட சட்டை அணிந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பையன் என்றால் முப்பதை நெருங்குகிறவன். என் தம்பி இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். எல்லோரும் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் டீக்கடையில் இருக்கிற மாதிரி சாவகாசமாக இருந்தான். நான் அவன் கையிலிருந்த தடிமனான புத்தகத்தையே பார்ப்பதைக் கவனித்து என்னிடம் நீட்டினான்.

“வச்சுக்கோங்க மேடம்.”

“பாத்துட்டுத் தரேன்.”

“இல்ல, நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இனிமே தேவைப்படாது.”

என்ன திமிர் பாரேன் என்று நினைத்தேன். சீட் கிடைத்த மாதிரியே பேசுகிறானே என்று எரிச்சல்தான் வந்தது. புத்தகம் விலை அதிகம், அதனால் வாங்கிக்கொண்டேன்.

இவர்கள் நேர்காணலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிட்டு, ஒருவரை நோயாளியாக நடிக்கச் சொல்வார்கள், மற்றவர் சிகிச்சை தருபவராகப் பேச வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு என்ன பிரச்சினை என்று ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். பத்து நிமிடத்தில் மணி அடிக்கும். அதுவரை என்ன ஆனாலும் வேடத்தைக் கலைக்கக் கூடாது. கலைத்தால் மதிப்பெண் போய்விடும். என்னையும் கோடுசட்டையையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவி, மென்மையாகப் பேசுகிற அம்மாள். ஒரு பக்கம் தாடி வைத்த பேராசிரியர். இன்னொரு பக்கம் இருந்தவர் எந்த நேரத்திலும் தூங்கிவிடுவார் போலிருந்தது, கடைசிவரை வாயே திறக்கவில்லை.

முதலில் நான் நோயாளி. அட்டையில் ‘கணவரைப் பிரிந்தவர், பதற்றம்’ என்று இருந்தது. மூக்கைச் சிந்தினேன், கைக்குட்டையை முறுக்கினேன், நானே வெட்கப்படுகிற அளவுக்கு அழுது தீர்த்தேன். கோடுசட்டை அசரவில்லை. அவசரப்படாமல் கேட்டான், அழட்டும் என்று விட்டான், தேவையில்லாமல் ஆறுதல் சொல்லவில்லை. போச்சுடா, ஒரு சீட் இவனுக்குத்தான் என்று அழுதுகொண்டே கணக்குப் போட்டேன்.

பிறகு அவன் நோயாளி. அட்டையை இருவருக்கும் காட்டினார்கள். ‘அலுவலக ஊழியர். தூக்கமின்மை. வேலையில் நாட்டமில்லை.’ சாதாரணக் கேஸ். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“தூக்கம் எப்படி இருக்கு?” என்று ஆரம்பித்தேன்.

“முன்னாடி சுத்தமா வராது. இந்த வாரம் நல்லாத் தூங்கறேன்.”

அட்டையில் இருப்பதற்கு நேர்மாறாகச் சொல்கிறானே என்று தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த வாரம் என்ன மாறிச்சு?”

“ஒண்ணும் மாறல. முடிவு பண்ணியாச்சு. அதான் நிம்மதி.” லேசாகச் சிரித்தான். “வீட்டுல ஒரு பூனை இருந்தது. எதிர்வீட்டுல குடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துடுச்சு. மறுபடி கொண்டுபோய்க் குடுத்தேன். மறுபடியும் வந்து கதவைப் பிராண்டுது. அப்புறம் பஸ்ல எடுத்துட்டுப் போய் ரொம்ப தூரத்துல ஒருத்தர்கிட்ட விட்டுட்டு வந்தேன். அந்த ஒரு வேலைதான் பாக்கி இருந்தது.”

சாக நினைப்பவனாக நடிக்கச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெருமூச்சு விடுவார்கள், இருட்டு, வெறுமை என்பார்கள், கண்ணில் தண்ணீர் வரவழைப்பார்கள். திரும்பித் திரும்பி வருகிற பூனையை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். மடியில் கிடந்த அவன் புத்தகம் அப்போதுதான் கனத்தது.

“உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?”

“ஆமா.” வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

“எப்பன்னு யோசிச்சிருக்கீங்களா?”

“ஞாயித்துக்கிழமை. நான் இருக்கறது தங்கச்சி வீட்டுல. அன்னிக்கு அவ குடும்பத்தோட வெளியூர் போறா. குழந்தைங்க பாக்கக் கூடாதில்ல.”

நான் எழுந்துவிட்டேன்.

“மேடம், இதோட நிறுத்திக்கலாம். இவர் நடிக்கல.”

துறைத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். “பெல் இன்னும் அடிக்கலையே.”

“பெல் கிடக்குது மேடம். இது நிஜம். இவர் வீட்டுக்கு யாராவது போன் பண்ணுங்க.”

அவர் அவன் பக்கம் திரும்பி, “தம்பி, நீங்க நல்லா இருக்கீங்கதானே?” என்று கேட்டார். கேட்கிற இடத்தைப் பாருங்கள். சீட் கொடுக்கிற மூன்று பேர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிற இடம்.

அவன் பளிச்சென்று சிரித்தான். “நல்லா இருக்கேன் மேடம். காலேஜ்ல நாடகம் போட்ட பழக்கம். கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ?”

“பிரமாதம்!” என்று தாடிக்காரர் மேஜையைத் தட்டினார். “நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.”

“நம்புங்க சார், நம்பினதுதான் சரி! சாகப் போறேன்னு உங்க முன்னாடி எவன் ஒத்துக்குவான்? ஒத்துக்கிட்டா நீங்க சீட் குடுப்பீங்களா?”

“சாகப் போறவன் இன்டர்வியூக்கு ஏம்மா வரப்போறான்?”

“வருவாங்க சார். பாதி மனசு இங்க இருக்கும். அந்தப் பாதியைத்தான் நாம பிடிக்கணும். தினமும் பாக்கறேன் நான்.”

துறைத் தலைவி என் கோப்பைப் புரட்டினார். கட்டுரை இருந்த பக்கத்தில் கை நின்றது. அவர் குரல் இன்னும் மென்மையானது.

“உங்க தம்பியைப் பத்தி எழுதியிருந்தீங்க. படிச்சேன். ரொம்ப வருத்தமா இருந்தது. யாரைப் பாத்தாலும் தம்பி மாதிரியே தெரியறது இயல்புதான். ஆனா நம்ம துறையில அது ஆபத்து. நீங்க முதல்ல உங்களுக்காக யார்கிட்டயாவது பேசணும்.”

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். நோயாளிகளிடம் நான் பேசுகிற குரல் அது. நான் கண்டுபிடித்ததை என்னுடைய நோயாக்கிவிட்டார். அக்கா சொன்னது அப்படியே நடந்தது, வரி மாறாமல்.

“சரி, எனக்குத்தான் பைத்தியம்னு வச்சுக்கோங்க” என்றேன். “எனக்கு சீட் வேண்டாம். இவரை இன்னிக்குத் தனியா அனுப்பாதீங்க. அது போதும்.”

“நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க” என்றார்.

வெளியே உட்காரவில்லை. கீழே கேட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். மானம் போனதுதான் போனது, ஆளையாவது விடக் கூடாது என்று ஒரு வெறி. வெகுநேரம் கழித்து அவன் இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

“உங்களுக்கு சீட் வேணும்கறதுக்காக என்னைப் பைத்தியம் ஆக்கப் பாக்கறீங்களா மேடம்?”

“பூனைக்குப் பேர் என்ன?”

“மேனேஜர்” என்றான் யோசிக்காமல். “எப்பவும் தூங்கும். எழுப்பினா முறைக்கும்.” சொன்னபிறகுதான் மாட்டிக்கொண்டது அவனுக்குப் புரிந்தது. சிமெண்ட் திட்டில் உட்கார்ந்துவிட்டான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நாடகத்தை விட்டுவிட்டான். அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அது போன முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“எனக்கே குடுத்துடுவாங்க போலிருக்கு. அந்தம்மா பாராட்டினாங்க” என்றான். “இது வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது. மனநலம் சரியில்லாதவனை எவன் மனநலம் பாக்க விடுவான்? விட்டுடுங்க. சீட் கிடைச்சா நான் எதுவும் பண்ண மாட்டேன்.”

“கிடைக்கலன்னா?”

அப்போது அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். ஒரே நொடியில் குரல் மாறியது. “சொல்லும்மா! சூப்பராப் பண்ணேன். ஆமா, ஆமா. நீங்க நிம்மதியாக் கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்.” தங்கை. என் தம்பியும் அக்காவிடம் போனில் இந்தக் குரலில்தான் பேசினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

போனை வெடுக்கென்று பிடுங்கினேன்.

“ஏய், குடுங்க!”

“டேய், உக்காருடா!” என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். போனில் சொன்னேன். “அம்மா, நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. நீங்க ஊருக்குப் போகாதீங்க. உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை உயிரை விடறதா இருக்கார். இப்பவே வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்.”

யார் நீங்கள், உளறாதீர்கள் என்று அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. “பூனையை ஏன் குடுத்தன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்” என்றாள். “சிரிச்சு மழுப்பிக்கிட்டே இருந்தான்.” அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அவள் வந்து சேரும்வரை அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டோவில் ஏறும்போது மட்டும், “நல்லா இருப்பீங்க மேடம்” என்றான். அது வாழ்த்து இல்லை.

அன்றைக்கே அவனை எங்கள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது முதல் பெயர் அவனுடையது. என் பெயர் இல்லை. சேர வேண்டிய நாளில் அவன் மனநல வார்டில் இருந்ததால், அந்த இடத்தைக் காத்திருப்போர் வரிசையில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் நான் இல்லை. அக்கா எதுவும் சொல்லிக்காட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் அந்த வார்டுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அவனே நர்ஸிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மழிக்காத முகம், மருந்தில் கொஞ்சம் குழறுகிற நாக்கு. நான் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தான்.

“வாங்க. திருப்தியா? நாலு வருஷம் இந்த சீட்டுக்காக நாயா உழைச்சேன். ஒரே போன்ல முடிச்சுட்டீங்க. யாரு உங்களைக் கேட்டா? உங்க தம்பி செத்தா அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

நர்ஸ் பதறி வந்து அவன் தோளைப் பிடித்தாள். “தம்பி, மெதுவா. மேடத்தை அப்படிப் பேசக் கூடாது.”

“விடுங்க சிஸ்டர், திட்டட்டும்” என்றேன்.

திட்டினான். என் வாயை, என் வேலையை, என் குலத்தை, எல்லாவற்றையும் இழுத்தான். தங்கை முகத்தில் விழிக்க முடியவில்லை என்றான். இனி எவன் வேலை கொடுப்பான் என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. என் தம்பியிடம் இப்படி ஒரு திட்டு வாங்க நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தான். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொன்னாள்.

“நாளைக்கு வாங்க” என்றான், கண்ணை மூடிக்கொண்டே. “நான் இன்னும் முடிக்கல.”

“வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, ஆள் போகிற வருகிற இடம் என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதேன்.