இரைச்சலுக்குள் இருந்த குரல்

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அருள்தாஸ் பிழைத்துக்கொண்டார், குரல்தான் போய்விட்டது. அவர் மனைவி ஜூலியட், இலங்கையின் தெஹியோவிட்ட பஜாரில் ரேடியோ பழுதுபார்ப்பவள்.

"நீங்க எழுதிக்காட்ட, நான் வாசிக்க, இது சரிப்படாதுங்க. பெட்டி ஒன்னு செய்றேன்" என்றாள்.

கல்யாண கேசட்டிலிருந்து அவருடைய பேச்சில் நான்கு துண்டுகளை எடுத்தாள்: "வாங்க வாங்க", "சரிங்க", "கொஞ்சம் பொறுங்க", மாதா கோயிலில் கல்யாண வாக்குக் கொடுக்கும்போது சொன்ன "ஜூலியட்". அவற்றை மெமரி சிப்பில் ஏற்றி, மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினியோடு சேர்த்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். நான்கு பொத்தான்கள், சின்ன ஸ்பீக்கர், பேசும்போது மின்ன ஒரு சிவப்பு விளக்கு.

அருள்தாஸ் அமுக்கினார். "கிர்ர்" என்ற இரைச்சலுக்குள் குரல் முங்கிப்போனது. அவர் தாளில் எழுதினார்: "பேசுறது நானா, வண்டா?"

ஜூலியட் சிரித்தாள், ஆனாலும் எரிச்சல்தான். விளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பாதி இரைச்சல் அடங்கியது. விளக்குக்கும் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்பிளிஃபயருக்கும் பேட்டரிக்குத் திரும்ப ஒரே மெல்லிய வயர். விளக்கு மின்னும்போதெல்லாம் சத்தமும் அதிர்ந்தது. ஆளுக்கொரு தடித்த வயராகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே இழுத்தாள். மின்சாரம் ஏறி இறங்காமல் இருக்க, சிப்பின் காலருகே ஒரு கெப்பாசிட்டரும் வைத்தாள். வண்டு போனது.

மெல்லிய விசில் மட்டும் மிச்சம். குரலை உண்டாக்க மைக்ரோகண்ட்ரோலர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்பே வெளியே கசிந்தது. அதை வடிகட்ட இடையில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டாள். இப்போது பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. சின்ன கெப்பாசிட்டராக மாற்றினாள், குரல் தெளிந்தது.

அருள்தாஸ் நான்காவது பொத்தானை அமுக்கினார்.

"ஜூலியட்."

கொஞ்சம் நடுங்கிய, இருபத்துநாலு வயதுக் குரல். அவர் மறுபடி அமுக்கினார், மறுபடியும்.

"போதுங்க, பேட்டரி தீந்துரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரப்பர் பால் அளக்கும் கொட்டகையில் அவர் வேலைக்குத் திரும்பினார்.

"சீக்கிரம் அளங்க தம்பி, வெயில் ஏறுது" என்றாள், பால் வாளியோடு வரிசையில் முதலில் நின்ற கருப்பாயி.

"கொஞ்சம் பொறுங்க" என்றது பெட்டி.

கருப்பாயி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம அருள்தாஸு குரலேதான்" என்றாள். அதன்பின் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் வேண்டுமென்றே அவரை அவசரப்படுத்தினார்கள். பால் அளந்து முடித்துப் போன மூக்கையா, வெறும் வாளியோடு திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.